ஓட்டமாவடிக் கடையில் ஒரு விஞ்ஞான வகுப்பு

1

போன கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நோர்வேயின் மேற்குக் கரையில், தீவும் மலையுமாகச் சிதறிக் கிடக்கும் ஒரு சின்ன நகரசபையின் வளர்ந்தோர் பள்ளி அது. நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கொரோனா நாட்களில் அவசர அவசரமாக வாங்கிப் போட்ட இணையவழிக் கற்பித்தல் கருவிகளில் எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதிபர் மாரிட் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். ஒன்றில் எல்லோருடைய முகமும் சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தெரியும். இன்னொன்றில் ஒரே பலகையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம். மூன்றாவது, யார் கவனிக்கிறார்கள், யார் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லுமாம்.

“உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் எதை எடுப்பீர்கள்?” என்று மாரிட் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

என் முறை வந்தபோது, “தொலைபேசி” என்றேன்.

சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது மாரிட் என் பக்கத்தில் வந்து இருந்தார். “நீ உண்மையாகத்தான் சொன்னாய், இல்லையா?” என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். அவர் பிடிக்க வேண்டிய படகு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த படகுக்கும் அவர் எழும்பவில்லை.

அவருக்கு நோர்வேஜிய மொழியில் தடக்கித் தடக்கிச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். ஊரில் இதை வாசிப்பவர்களில் யாராவது அந்த வகுப்பில் இருந்தவர்களாகவும் இருக்கலாம்.

2

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பாதைகள் திறந்திருந்தன. சோதனைச் சாவடிகளில் முகங்கள் கொஞ்சம் இளகியிருந்தன என்று ஊரிலிருந்து சொன்னார்கள்.

நான் கலியாணத்துக்கு முன்பு மட்டக்களப்பு நகரில் விஞ்ஞான ஆசிரியை. இங்கே வந்தபிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு அவித்தேன், பாத்திரங்களை இயந்திரத்தில் அடுக்கினேன், மத்தியானத்துக்குப் பிறகு மொழி வகுப்புக்கு ஓடினேன். யாராவது என்ன வேலை என்று கேட்டால் சொல்லுவதற்கு முன்பு ஒரு கணம் யோசிப்பேன். வாயில் முதலில் வருவது ‘ஆசிரியை’ என்ற சொல்தான். அதை விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்லுவேன்.

என் கணவருடைய தங்கை பூமலர், எங்கள் ஊர் வழக்கில் எனக்கு மச்சி, அவளுக்கு நானும் மச்சி, மட்டக்களப்புக்கு வடக்கே கிரானுக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியையாக இருந்தாள். சுற்றிவர வயலும் வாய்க்காலும். ஒருநாள் தொலைபேசியில் வந்தாள்.

“மச்சி, எங்கட பள்ளிக்கு விஞ்ஞானத்துக்கு ஒரு டீச்சர் வந்தா. கொஞ்ச நாள் இருந்தா. மறுகா மாற்றம் எடுத்துப் போயிட்டா. பதினோராம் ஆண்டுப் புள்ளயளுக்கு இப்ப ஆர் விஞ்ஞானம் படிப்பிக்கிறது தெரியுமா?”

“ஆர்?”

“நான்.”

“நீ சங்கீத டீச்சர் எல்லோ?”

“அதைத்தான் நானும் அதிபரிட்ட கேட்டன். ஒளித்தெறிப்பு எண்டு புத்தகத்தில கிடக்கு. நான் அத ராகம் போட்டா பாடுற?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளைகளில் பலர் வயல் வேலைக்குப் போய்வந்து படிக்கிறவர்கள். விஞ்ஞானத்தில் விழுந்தால் உயர்தரத்தில் அந்தப் பக்கமே தலைவைக்க முடியாது. “நீங்க சும்மாதானே இருக்கயள்” என்று அவள் சொல்லவில்லை, நான் சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இதைக் கேட்டாள்:

“டெலிபோன்ல படிப்பிக்க ஏலாதா மச்சி?”

ஏலுமா ஏலாதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே எனக்குப் பிடித்திருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு, விடை தெரியாத ஒரு கேள்வி.

3

பூமலரின் ஊரில் தொலைபேசிக் கம்பி இல்லை. கிட்ட இருந்த வசதி முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில், பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு கொமினிகேசன் கடை. தொலைபேசி, போட்டோப் பிரதி, படத்தையும் எழுத்தையும் அனுப்பும் பெக்ஸ், மூலையில் இரண்டு கணினி. கட்டாரில் பல வருடம் வாகனம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்த ஹனீபா நானா அதை நடத்தினார். முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். பூமலர் அவரிடம் போய் விசயத்தைச் சொன்னாளாம். அவர் கணினிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு, “சனிக்கிழம பின்னேரம் கடையில சனம் குறைவு. கூட்டிக்கொண்டு வாங்க” என்றாராம்.

பிள்ளைகள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். முதல் சனிக்கிழமை பாதிப்பேர் பிந்தினார்கள். எனக்குக் கோபம். பிறகுதான் விளங்கியது: அந்த நாட்களில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளி வைத்திருந்தது, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கம் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பழைய நேரத்தில் புறப்பட்ட பிள்ளை ஓட்டமாவடிக்கு வரும்போது புதிய நேரம் அரைமணித்தியாலம் முந்திப் போயிருக்கும். எனக்கோ நோர்வே நேரம் ஒன்று. மூன்று மணிக்கூட்டையும் ஒத்துப்போக வைத்ததுதான் நான் தீர்த்த முதல் தொழில்நுட்பப் பிரச்சினை.

கணினி வழியாகக் குரல் அனுப்பலாம் என்று கேள்விப்பட்டு அதில்தான் தொடங்கினோம். நான் சொன்னது கொஞ்சம் பிந்திப் போய்ச் சேரும். அங்கே அவர்கள் சொன்னது இன்னும் பிந்தி வரும். நான் “விளங்குதா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். என் குரலே எனக்குத் திரும்பி வந்து “விளங்குதா?” என்று என்னைக் கேட்கும். அதற்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கூட்டுக் குரல்:

“ஓம் டீச்சர்.”

இந்த ‘ஓம் டீச்சர்’தான் என்னைப் போட்டு வாட்டியது. வகுப்பறையில் நின்று படிப்பிக்கும்போது ‘ஓம்’ என்பதை நான் காதால் கேட்டதே இல்லை, கண்ணால்தான் கேட்டிருக்கிறேன். விளங்கின பிள்ளையின் கை தானாகவே எழுதத் தொடங்கும். விளங்காத பிள்ளை பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டும். இங்கே எல்லா ஓமும் ஒரே ஓம்.

4

அடுத்து கமெரா. என் கணவர் ஒன்று வாங்கி வந்து பூட்டினார். நானாவும் எங்கேயோ ஒன்று தேடிப் பிடித்தார். இனி முகம் தெரியும், பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அங்கே கணினிக்கு முன்னால் யார் இருக்கிறாரோ அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. பெரும்பாலும் அது நானாவின் நெற்றி, வயரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். நான் கையை உயர்த்திக் காட்டினால் கை பாதியில் உறைந்து நிற்கும், குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் பாடத்தைப் பார்க்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் இருந்த யன்னலைத்தான் பார்த்தார்கள்.

“டீச்சர், அந்த வெள்ளையாக் கிடக்கிறது பனியா?” என்று சுகந்தி கேட்டாள். அந்த வகுப்பில் வாய் திறந்து கேள்வி கேட்ட ஒரே பிள்ளை அப்போது அவள்தான்.

“ஓம், பனிதான்.”

“அது உப்புப் போலக் கிடக்கும் எண்டு நான் நினைக்கல்ல.”

அந்த ஒரு வசனத்துக்காகக் கமெராவை மன்னித்தேன். ஆனால் அடுத்த கிழமை அதைக் கழற்றி வைத்துவிட்டேன். படத்துக்காகக் குரலை இழப்பது நட்டம் என்று விளங்கியது. குரல் இருந்தால் படத்தை அவர்களே கீறுவார்கள்.

அதை இப்படிச் செய்தோம். எல்லோரிடமும் சதுரக் கொப்பி இருந்தது, கணக்குப் பாடத்துக்கு வாங்கும் அதே கொப்பி. என்னிடமும் ஒன்று. “இடப்பக்க மூலையில இருந்து தொடங்குங்க. வலப்பக்கம் அஞ்சு பெட்டி, மேல மூணு பெட்டி, அவடத்தில ஒரு புள்ளி” என்று நான் சொல்லச் சொல்ல, இரண்டு கண்டத்திலும் ஒரே படம் வளர்ந்தது. கண்ணாடி, படுகதிர், தெறிகதிர். பிழையாகக் கீறினால் கோடு தாளுக்கு வெளியே ஓடிவிடும். அப்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எந்த ‘ஓம் டீச்சரை’விடவும் எனக்கு விளக்கமான பதில்.

எழுதி அனுப்புவதில் வேறொரு கூத்து. தமிழ் எழுத்துருக்கள் அந்த நாட்களில் ஒன்றோடொன்று பேசாது. நான் அனுப்பிய குறிப்பு அங்கே பூச்சி ஊர்ந்த மாதிரி விழும். எனவே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம். ஒளி பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதி, கடைசியில் ஒரு கணக்கும் வைத்து அனுப்பினேன். வந்த விடைகளைப் பார்த்தால், சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வந்து சேர வருடக்கணக்காகிறது! பூமலரைக் கூப்பிட்டேன்.

“மச்சி, நீங்கதான் ஒலி எண்டு எழுதியிருக்கயள். நாங்க ஒலியின்ர வேகத்தைப் போட்டுச் செய்தம்.”

ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒளிக்கும் ஒலிக்கும் ஒரே எழுத்து. அதுவரை நான் யோசித்ததே இல்லை. இழுபடும் இணைய வழியில் காதுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ‘கண் ஒளி’, ‘காது ஒலி’ என்ற இரண்டு புதிய சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. பரீட்சைத் தாளில் யாரும் அப்படி எழுதிவிடக்கூடாதே என்று கடைசிவரை பயந்துகொண்டிருந்தேன்.

படங்களுக்கு பெக்ஸ் நல்லது என்று கண்டுபிடித்தது நானா. முதியோர் இல்லத்தின் பொறுப்பாளரிடம் கேட்டு, வேலை முடிந்தபின் அங்கிருந்து அனுப்புவேன். அனுப்பும்போது பக்கத்தில் ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் வந்து நின்று, “இது எங்கே போகிறது?” என்று கேட்பார். பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். ‘ஓட்டமாவடி’ என்பதை அவர் எந்த நோர்வேஜியனும் சொல்லாத அளவுக்கு வடிவாகச் சொல்லப் பழகினார்.

5

இதையெல்லாம் எழுதும்போது எல்லாம் சந்தோசமாக நடந்தது போலத் தெரிகிறது. வீட்டில் அப்படி இல்லை.

என் மகள் அபி அப்போது மேல்வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. சனிக்கிழமை காலையில் அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் கணினியில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் கணினி என்னிடம். என்னோடு அவள் நோர்வேஜிய மொழியில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று கதைக்கிற மாதிரி.

ஒருநாள் வகுப்பு முடிந்து நான் திரும்பினால், கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். எப்போதாவது கோபம் வந்தால் மட்டும் தமிழில் பேசுவாள். எனக்கு நல்லாக உறைக்க வேண்டும் என்பதற்காக.

“அம்மா, நீங்கள் அந்தப் பிள்ளைகளிடம் விளங்குதா, விளங்குதா என்று எத்தனை தரம் கேட்கிறீங்கள். என்னிடம் ஒரு நாளும் கேட்கயில்லை.”

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பல கிழமைகள் சனிக்கிழமை காலைகளில் அவள் வீட்டில் நிற்பதில்லை.

6

பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அந்தப் பக்கம் நிலைமை கெட்டது. பக்கத்து ஊரான வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில் தமிழர், முஸ்லிம்கள் என்று பிரிந்து நின்றார்கள். யாரோ யாரையோ அடித்தார்கள், யாரோ காணாமல் போனார்கள், இரண்டு பக்கமும் கடையடைப்பு. எங்கள் பிள்ளைகள் ஓட்டமாவடிக்குப் போகமுடியாது. நானாவுக்குக் கிரான் பக்கம் தலைகாட்ட முடியாது. பூமலர் ஒரு உறவினர் வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

“முடிஞ்சுது மச்சி. இனி ஒரு புள்ளயையும் தாய் தகப்பன் அங்கால விடாதுகள். நானும் விடமாட்டன்.”

கண்ணாடி வில்லைகள் பற்றிய பாடம் தொடங்கவே இல்லை. மின்னியல் பாதி. நான் தொலைபேசியை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, தொலைபேசி அடித்தது. ஹனீபா நானா. கடை பூட்டு, வீட்டிலிருந்து பேசினார்.

“தங்கச்சி, நீங்க பாடத்தச் சொல்லுங்க.”

“ஆருக்கு நானா? புள்ளயள் இல்லையே.”

“எனக்குச் சொல்லுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டிரிக்கன். பக்கத்தில ரேடியோ கெசட் இரிக்கி. பதியிறன். கெசட் எண்டா கரண்ட் இல்லாத ஊட்டிலயும் பெற்றரியில கேக்கலாம். எப்படி அனுப்புற எண்டத மறுகா பாப்பம்.”

“உங்களுக்கு ஏதும் கரைச்சல் வராதா?”

“வரும். ஆனா அந்தப் புள்ளயள் என்ட கடையில இரிந்து படிச்ச புள்ளயள். நீங்க தொடங்குங்க.”

தொடங்கினேன். அவரே கூப்பிட்டால் செலவு என்று நான் தொலைபேசி அட்டை போட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன். இயந்திரங்கள் எல்லாம் போய், கடைசியில் ஒரு கம்பியும் இரண்டு மனிதரும் மிஞ்சினோம். நான் வில்லைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன். குவிவு வில்லை ஒளியை ஒன்றுசேர்க்கும், அதற்கு அப்பால் விழும் விம்பம் தலைகீழாக இருக்கும் என்று சொன்ன இடத்தில் நானா குறுக்கிட்டார்.

“தங்கச்சி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. என்னத்துக்குத் தலைகீழா?”

“கதிர்கள் வளைஞ்சு போறபடியால் நானா.”

“வளைஞ்சா வளையட்டும். ஆனா காலை எடுத்து மேல வைக்கிற ஆரு? வில்லைக்குள்ள ஆரும் இரிந்து பிரட்டிறாங்களா?”

நான் விளக்கினேன். அவர் இன்னொரு விதமாகக் கேட்டார். நான் வேறு விதமாக விளக்கினேன். மேலேயிருந்து வரும் கதிர், கீழேயிருந்து வரும் கதிர், அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன. “ஓ… ஓம், ஓம்” என்றார். நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் சமையலறையில் பருப்பு அடுப்பில் கிடந்தது. அபி அன்று வீட்டில் நின்றாள். வெளியே புயல் மழை, போக இடமில்லை. நான் வைத்துவிட்டு வந்ததும் கேட்டாள்:

“வில்லை என்றால் என்ன?”

எனக்கு நோர்வேஜியச் சொல் உடனே வந்தது. சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த மொழியில் கண்ணாடி வில்லைக்கும் பருப்புக்கும் ஒரே சொல்.

“இவ்வளவு நேரமும் அந்த ஆளோடு பருப்பு பற்றியா சண்டை பிடித்தீங்கள்?”

இரண்டு பேரும் சிரித்தோம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! பிறகு அவள் தன் அறைக்குள் போய் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்தாள். யன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவருக்குக் கிட்ட அதைப் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்தாள். திடீரென்று சுவரில் யன்னல் விழுந்தது. எதிரே இருக்கிற மலை தலைகீழாகத் தொங்கியது. மழை கீழேயிருந்து மேலே பெய்தது. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பல வருடம் படிப்பித்த பாடம் அது. சுவரில் மழை மேலே போவதை அன்றுதான் முதன்முதலில் நானும் பார்த்தேன்.

“விளங்குதா?” என்று கேட்டேன்.

“இல்லை,” என்றாள். “ஆனால் வடிவாக இருக்கு.”

அடுத்த சனிக்கிழமை அவள் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். நானா கேள்வி கேட்க, இவளும் தன் பங்குக்கு உடைந்த தமிழில் ஒன்று கேட்டாள். அதுவும் நாடாவில் பதிந்தது.

7

நாடாக்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதைப் பூமலர்தான் எனக்குச் சொன்னாள்.

கடைகள் பூட்டியிருந்தாலும், தெருக்கள் பிரிந்திருந்தாலும், ஆஸ்பத்திரிக்கு இரண்டு பக்கச் சனமும் போகத்தான் வேண்டும். பூமலருக்கு மாமியாரின் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் நாள் இருந்தது. நானாவின் மனைவி ராத்தாவுக்குப் பிரசர் மருந்து எடுக்கும் நாள். இரண்டு நாளையும் ஒன்றாக்கினார்கள். ஆஸ்பத்திரியின் ஒரே மர வாங்கில், ஒருவரை ஒருவர் தெரியாதது போல, பூமலரும் அந்த ராத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். இருவரிடமும் ஒரே மாதிரி மருந்துப் பை. எழும்பும்போது பை மாறியிருக்கும்.

“ஒரு கதையும் இல்லையா?” என்று கேட்டேன்.

“முதல் நாள் ஒண்டும் கதைக்கல்ல. ரெண்டாம் நாள் ராத்தா என்ர பக்கம் திரும்பாமலே, ‘புள்ளயள் கேட்டதாமா?’ எண்டு கேட்டா. நான் ‘ஓம் ராத்தா’ எண்டன். ‘எங்கட ஆள் இப்ப சோறு தின்னக்கயும் கரண்டிய வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கிறார்’ எண்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. இருமின மாதிரிச் சமாளிச்சன்.”

ஒருநாள் சோதனைச் சாவடியில் பை பிடிபட்டது. மருந்துக் குளிசைகளுக்குக் கீழே நாடா. அந்த நாட்களில் பதிந்த நாடா என்றால் இயக்கத்தின் பேச்சோ செய்தியோ என்றுதான் சந்தேகிப்பார்கள். இளம் சிப்பாய் ஒருவன் அதை எடுத்துப்போய்த் தன் கெசட் பெட்டியில் போட்டான். என் குரல் வந்தது. பிறகு நானாவின் குரல். பிறகு அபியின் குரல், எந்த ஊர்த் தமிழ் என்று யாருக்கும் பிடிபடாத தமிழ். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

“மொகத்த?” என்ன இது என்று கேட்கிறான்.

பூமலர் தனக்குத் தெரிந்த சிங்களத்தைத் தேடினாள். வரவில்லை. கடைசியில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் கண்ணில் வைத்துக் காட்டினாள். “லென்ஸ்,” என்றாள். “பள்ளிக்கூடம். சோதனை. பரீட்சை.”

அவனும் விரலை வளையமாக்கித் தன் கண்ணில் வைத்து அவளைப் பார்த்தானாம். பிறகு நாடாவை எடுத்து, பக்கத்தில் எழுதியிருந்ததை வாசிக்கப் பார்த்து, முடியாமல், பையிலே போட்டுக் கொடுத்துவிட்டான்.

“வீட்ட வந்து அழுதன் மச்சி,” என்றாள். “மறுகா பெட்டியப் போட்டுப் புள்ளயளோட இருந்து கேட்டன். நானா கேக்கிற கேள்வியள் எல்லாம் எனக்குள்ளயும் இருந்த கேள்விதான். சுகந்தி சொல்லுறாள், இந்தக் கெசட் முந்தின வகுப்பைவிட நல்லமாம். நாங்க கேக்க வெக்கப்படுறதை நானா கேக்கிறாராம்.”

அதைக் கேட்டபின் நான் கமெராவை, கணினியை, சதுரக் கொப்பியை எல்லாம் ஒருமுறை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். இத்தனை நாளும் எந்தக் கருவியால் நான் நன்றாகச் சொல்லலாம் என்றே தேடியிருக்கிறேன். எந்தக் கருவியால் அவர்கள் என்னைப் பேச்சின் நடுவில் நிறுத்தலாம் என்று தேடவில்லை.

8

அந்த மார்கழியில் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளும் திறந்தன. பெறுபேறு வந்தபோது நானாதான் கடையிலிருந்து வாசித்துச் சொன்னார். பாதிக்கு மேற்பட்டவர்கள் விஞ்ஞானத்தில் தேறியிருந்தார்கள், சாதாரண சித்தி. சுகந்திக்கு அதைவிட மேலான திறமைச் சித்தி. சித்தியடையாத பிள்ளைகளின் பெயர்களை அவர் சத்தத்தைக் குறைத்து வாசித்தார். அவர்களில் ஒருவன், நல்லாகப் படம் கீறுவான் என்று நான் நினைத்திருந்த பையன். அவன் மறுபடி எழுதவில்லை. குடும்பத்தோடு எங்கே போனான் என்று தெரியாது.

அடுத்த வருடங்களில் வகுப்பைத் தொடர்ந்தோம். பிறகு யுத்தம் முழுசாகத் திரும்பி வந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்தது. பூமலரும் பள்ளிக்கூடத்தை விட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, கிரான் வீதிப் பக்கத்தில் ஒரு அகதி முகாமுக்கு வந்தாள். பல கிழமைகள் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. என் கணவர் செய்திகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அபி பள்ளியால் வந்ததும் முதலில் கேட்பது, “மாமி போன் எடுத்தாவா?” தமிழில்தான் கேட்பாள். அப்போது கோபம் எதுவும் இல்லை.

கடைசியில் பூமலர் எடுத்தாள். உயிரோடு இருக்கிறாள். ஆர்மோனியத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நாடாக்களைக் கொண்டு வந்திருக்கிறாள்.

“இஞ்ச புள்ளயள் சும்மா இருக்குதுகள் மச்சி. வவுணதீவுப் பக்கத்தால வந்த புள்ளயளும் நிறைய. புத்தகமும் இல்ல, ஒண்டும் இல்ல. பின்னேரத்தில கெசட்டப் போடுறன். நானா கேள்வி கேட்டதும் நான் நிப்பாட்டிடுவன். ‘சொல்லுங்க, நானாவுக்கு என்ன பதில்?’ எண்டு கேப்பன். எல்லாரும் கத்துங்கள்.”

கொஞ்ச நாள் கழித்து நானாவிடமிருந்து அழைப்பு. வழக்கமாக அவர் சனிக்கிழமைதான் எடுப்பார். அன்று சனிக்கிழமை இல்லை. “என்ன நானா?” என்று அவசரமாகக் கேட்டேன்.

“ஒண்டும் இல்ல தங்கச்சி, பயப்படாதீங்க. இண்டைக்குக் கடைக்கு ஒரு பொம்புளப் புள்ள வந்திச்சு. தாயோட. வவுணதீவு ஆக்களாம், முகாமில இரிக்காங்க. வெளிநாட்டில மாமன் ஒராளுக்குப் பேச வந்தாங்க. நான் வேற ஒராளோட கதைச்சிக்கிட்டு இரிந்தன். இந்தப் புள்ள என்ன வைச்ச கண் வாங்காமப் பாக்கிது. மறுகா கிட்ட வந்து, ‘நீங்கதானே கெசட்டில கேள்வி கேக்கிற நானா?’ எண்டு கேட்டிச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க நானா?” என்றேன்.

“‘ஓம் புள்ள’ எண்டன். ‘வில்லை ஏன் தலைகீழாக் காட்டுது எண்டு இப்ப விளங்கிட்டுதா?’ எண்டு கேட்டிச்சு. தங்கச்சி, உங்களுக்கு நான் ஓம், ஓம் எண்டு சொன்னன். உண்மையச் சொன்னா எனக்கு விளங்கல்ல. உங்களுக்குக் கரைச்சல் குடுக்கப்படாது எண்டுதான் சொன்னன். ஆனா அந்தப் புள்ள முகத்தப் பாத்து ஓம் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. ‘இல்ல புள்ள’ எண்டன்.”

“அதுக்கு அவள் என்ன சொன்னாள்?”

“என்னக் கையில பிடிச்சிக் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்திச்சு. பாலத்தக் காட்டிச்சு. ‘நானா, இந்தக் கரையில மேலத் தெருவால வாறவன் பாலத்துக்குள்ளால போய் அந்தக் கரையில கீழத் தெருவுக்குப் போறான். கீழத் தெருவால வாறவன் மேலத் தெருவுக்குப் போறான். ஒருத்தரும் தலைகீழா நடக்கல்ல. எல்லாரும் நேராத்தான் நடக்கிறாங்க. பாலம் ஒண்டுதான். அதுக்குள்ளால எல்லாரும் போகக்க இடம் மாறுது. வில்லையின்ர நடுவும் அப்பிடித்தான்’ எண்டு சொல்லிச்சு.”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“எனக்கு ஒரு சந்தேகம் வந்திச்சு தங்கச்சி. ‘அவ்வளவு ஒளியும் ஒரே இடத்தில சந்திக்கக்க, ஒண்டோட ஒண்டு முட்டாதா புள்ள?’ எண்டு கேட்டன். அந்தப் புள்ள என்ன ஒரு மாதிரிப் பாத்திச்சு, இதும் தெரியாதா எண்ட மாதிரி. ‘ஒளி முட்டாது நானா. ஒண்டுக்குள்ளால ஒண்டு போய்க்கொண்டே இருக்கும்’ எண்டிச்சு.”

பிறகு, நான் அவரிடம் எத்தனையோ தடவை கேட்ட அதே குரலில், கொஞ்சம் தயங்கி, என்னைக் கேட்டார்:

“விளங்கிச்சா தங்கச்சி?”

“விளங்கிச்சு நானா,” என்றேன்.